கார் கூரையில் ஒரு கம்ப்யூட்டர்: சன்ரூப் இயங்குவது எப்படி?

காரில் அமர்ந்தபடி தலைக்கு மேலே உள்ள பட்டனை அழுத்துகிறீர்கள். மெல்லிய சத்தத்துடன் கண்ணாடி பின்னால் நகர, வானம் தெரிகிறது. பட்டனை மறுபக்கம் அழுத்தினால் மூடிக் கொள்கிறது. சில வினாடிகளில் முடிந்து விடும் வேலைதான். ஆனால் அந்தச் சில வினாடிகளில் ஒரு மோட்டார், இரண்டு ஸ்டீல் கேபிள்கள், இரண்டு சென்சார்கள், ஒரு மைக்ரோ கண்ட்ரோலர் என ஒரு கூட்டமே உங்கள் தலைக்கு மேல் வேலை பார்க்கிறது.

முன்பு விலை உயர்ந்த கார்களில் மட்டுமே இருந்த சன்ரூப், இப்போது நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கும் கார்களிலும் வந்து விட்டது. 2024-ல் சென்னையில் இனால்பா கேப்ரியல் நிறுவனம் சன்ரூப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. அந்த அளவுக்கு இதற்கு இங்கே தேவை பெருகியிருக்கிறது.

கார் வாங்கப் போகும் பெற்றோர் பலரும் ஷோரூமில் ஒரு கேள்வி கேட்பார்கள். "குழந்தை கையை வெளியே நீட்டியிருக்கும் போது இது மூடிக் கொண்டால் என்ன ஆகும்?" உடனே பதில் வரும். "ஆன்டி பிஞ்ச் இருக்கு சார். தானாகவே திறந்து கொள்ளும். ஒன்றும் ஆகாது."

இந்தப் பதில் சரியா? பெரும்பாலும் சரி. ஆனால் எப்போதும் சரி அல்ல. எப்போது சரி, எப்போது சரியில்லை என்று தெரிய வேண்டுமானால், கண்ணாடி எப்படி நகர்கிறது, அதை நகர்த்தும் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எத்தனை வகை?

காரின் கூரையைத் திறக்கும் எண்ணம் பழையது. ஜெர்மனியில் 1901-ல் தொடங்கப்பட்ட வெபாஸ்டோ நிறுவனம் 1930களிலேயே கார்களுக்கு மடக்குக் கூரை செய்து கொடுத்தது. அது துணிக் கூரை. கையால் தள்ளி மடக்க வேண்டும். பின்னர் இரும்புத் தகடு வந்தது. அதன் பிறகு கண்ணாடி வந்தது. இன்று நாம் காணும் வகைகள் இவை.

1. பாப் அப்: கண்ணாடியின் பின் விளிம்பு மட்டும் கொஞ்சம் மேலே எழும்பும். பின்னால் நகராது. கையால் திருகித் திறக்கும் எளிய அமைப்பு. மோட்டார் கிடையாது.

2. ஸ்பாய்லர்: பின் விளிம்பு எழும்பி, பிறகு கண்ணாடி கூரைக்கு மேலாகவே பின்னோக்கிச் செல்லும். காருக்குள் தலைக்கு மேலே இடம் குறையாது என்பது இதன் லாபம்.

3. இன்பில்ட்: கண்ணாடியின் பின் விளிம்பு முதலில் கீழே இறங்கி, இரும்புக் கூரைக்கும் உள்ளே இருக்கும் துணி விரிப்புக்கும் நடுவில் நுழைந்து மறையும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி போன இடம் தெரியாது.

4. பனோரமிக்: கூரையின் பெரும்பகுதி கண்ணாடி. பொதுவாக முன் கண்ணாடி மட்டும் நகரும். பின் கண்ணாடி அசையாது. வெயிலை மறைக்கும் திரைக்குத் தனியாக ஒரு மோட்டார் இருப்பதும் உண்டு.

முதல் வகையை விட்டு விடுவோம். மற்ற மூன்றிலும் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

கண்ணாடி நகரும் பாதை

திறப்பின் இரண்டு பக்கமும் அலுமினியத்தால் ஆன தண்டவாளம் போன்ற பாதைகள் உள்ளன. ஒவ்வொரு பாதையிலும் ஒரு சறுக்கு. இந்தச் சறுக்குகளோடுதான் கண்ணாடி இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு சறுக்குகளும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால் கண்ணாடி கோணலாகி மாட்டிக் கொள்ளும்.

இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மோட்டார் வைக்கலாமே என்று தோன்றும். வைப்பதில்லை. ஒரே மோட்டாரில் இரண்டையும் இழுக்கிறார்கள். எப்படி?

மோட்டார் கூரையின் நடுவில், முன்புறமோ பின்புறமோ இருக்கும். அதன் முனையில் ஒரு சிறிய பல்சக்கரம். அந்தப் பல்சக்கரத்தின் இரு புறமும் உரசியபடி இரண்டு ஸ்டீல் கேபிள்கள் செல்கின்றன. இவை சாதாரண கேபிள்கள் அல்ல. கேபிளின் மேல் இன்னொரு கம்பியை ஸ்பிரிங் போலச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுகளின் இடைவெளியில் பல்சக்கரத்தின் பற்கள் சரியாக உட்காரும். வளையக் கூடிய ஒரு பல்சட்டம் என்று இதைச் சொல்லலாம்.

பல்சக்கரம் சுழலும்போது ஒரு கேபிள் இடது பக்கமும் மற்றது வலது பக்கமும் ஒரே அளவு நகரும். மூலையில் வளைந்து, பக்கவாட்டுப் பாதைக்குள் நுழைந்து, அந்தந்தப் பக்கத்துச் சறுக்கைத் தள்ளும். எனவே இரண்டு சறுக்குகளும் சேர்ந்தே பின்னால் போகும். மோட்டார் எதிர்த் திசையில் சுழன்றால் இரண்டும் சேர்ந்தே முன்னால் வரும். சாதாரண பிரேக் கேபிள் இழுக்க மட்டுமே செய்யும். இந்தக் கேபிள் குழாய்க்குள் செல்வதால் மடங்காமல் தள்ளவும் செய்யும்.

சரி, கண்ணாடி முதலில் எழும்புவதும் இறங்குவதும் எதனால்? அதற்குத் தனி மோட்டார் இல்லை. சறுக்கில் ஒரு முளை இருக்கும். கண்ணாடியைத் தாங்கும் கையில் வளைவான ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். கேபிளின் முதல் சில சென்டிமீட்டர் நகர்வில், முளை அந்தக் காடியின் வளைவில் ஏறி இறங்கும். கண்ணாடி அதற்கேற்ப எழும்பும் அல்லது தாழும். வளைவு முடிந்து காடி நேராகும் இடத்திலிருந்துதான் கண்ணாடி பின்னால் நகரத் தொடங்கும். ஒரே கேபிள், ஒரே நகர்வு. முதல் பகுதி தூக்குவதற்கு, அடுத்த பகுதி தள்ளுவதற்கு. கம்ப்யூட்டர் பார்வையில் இது ஒரே எண்வரிசை. குறிப்பிட்ட எண் வரை ஒரு வேலை, அதைத் தாண்டினால் வேறு வேலை.

கண்ணாடி திறந்ததும் முன் விளிம்பில் ஒரு சிறிய தடுப்பு எழும்புவதைக் கவனித்திருப்பீர்கள். அது காற்றைத் திருப்பி விடும் தடுப்பு. ஸ்பிரிங்கினால் எழும்பும். கண்ணாடி திரும்பி வரும்போது அதுவே அழுத்தி மடக்கி விடும்.

மோட்டாரின் வலிமை

இது காரின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய டிசி மோட்டார். வேகமாகச் சுழலும். ஆனால் அதற்கு இழுவிசை குறைவு. எனவே அதன் தண்டில் வார்ம் கியர் என்னும் திருகுப் பல்லிணையைச் சேர்த்திருப்பார்கள். மோட்டார் பல முறை சுழன்றால் வெளியில் உள்ள பல்சக்கரம் ஒரு முறை சுழலும். வேகம் குறையும், விசை கூடும்.

வார்ம் கியரின் இன்னொரு குணம் முக்கியமானது. மோட்டார் கியரைச் சுழற்றும். ஆனால் கியரை வெளியிலிருந்து தள்ளி மோட்டாரைச் சுழற்ற முடியாது. எனவே மின்சாரம் நின்ற இடத்தில் கண்ணாடியும் நின்று விடும். வெளியிலிருந்து யாரும் கையால் தள்ளித் திறக்க முடியாது. நல்ல பூட்டு. ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். விரல் மாட்டிக் கொண்ட நேரத்தில் மோட்டார் நின்று விட்டால், கண்ணாடியைக் கையால் தள்ளி விரலை விடுவிக்கவும் முடியாது. மோட்டார் நிற்பது மட்டும் போதாது, எதிர்த் திசையில் சுழன்றாக வேண்டும். எனவேதான் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது.

கண் இல்லை, கணக்கு உண்டு

சன்ரூப் கம்ப்யூட்டருக்குக் கேமரா இல்லை. கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. எண்ணுகிறது.

பழைய பந்து மவுஸ் நினைவிருக்கிறதா? பந்து உருண்டால் உள்ளே இரண்டு துளைச் சக்கரங்கள் சுழலும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒளியை உணரும் இரண்டு சென்சார்கள் சற்றுத் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். எத்தனை துளைகள் கடந்தன என்பது தூரத்தைச் சொல்லும். எந்தச் சென்சார் முதலில் மாறியது என்பது திசையைச் சொல்லும். சன்ரூப் மோட்டாரிலும் இதே உத்திதான். ஒளிக்குப் பதிலாகக் காந்தம்.

மோட்டார் தண்டில் ஒரு சிறிய காந்த வளையம். அதன் அருகே இரண்டு ஹால் சென்சார்கள். காந்தத்தின் வட முனை, தென் முனை மாறி மாறி வரும்போது சென்சாரின் வெளியீடு 0, 1 என மாறும். இரண்டு சென்சார்களையும் சேர்த்துப் பார்த்தால் 00, 01, 11, 10 என்ற வரிசை கிடைக்கும். இந்த வரிசையில் வந்தால் மூடுகிறது, தலைகீழாக வந்தால் திறக்கிறது என்று மைக்ரோ கண்ட்ரோலர் அறிந்து கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் காருக்குக் கார் மாறும். புரிவதற்காக எளிய எண்களை எடுத்துக் கொள்வோம். மோட்டார் 50 முறை சுழன்றால் பல்சக்கரம் ஒரு முறை சுழல்கிறது. பல்சக்கரம் ஒரு முறை சுழன்றால் கேபிள் 40 மில்லிமீட்டர் நகர்கிறது. திறப்பின் நீளம் 400 மில்லிமீட்டர். அப்படியானால் முழுவதும் மூடப் பல்சக்கரம் 10 சுற்று, மோட்டார் 500 சுற்று. ஒரு சுற்றுக்கு நான்கு மாற்றங்கள் வீதம் மொத்தம் 2000 எண்ணிக்கை. ஒரு எண்ணிக்கைக்கு 0.2 மில்லிமீட்டர். கண்ணே இல்லாத கம்ப்யூட்டருக்குக் கண்ணாடி இருக்கும் இடம் இவ்வளவு நுட்பமாகத் தெரிகிறது.

இந்த 400 மில்லிமீட்டரைக் கடக்க 8 வினாடி ஆகிறது என்று வைத்துக் கொண்டால், வினாடிக்கு 250 எண்ணிக்கை. அதாவது 4 மில்லி செகண்டுக்கு ஒன்று. இந்த 4 மில்லி செகண்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஆன்டி பிஞ்ச் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

விரல் மாட்டினால் எப்படித் தெரியும்?

கண்ணாடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஏதாவது மாட்டினால் மோட்டாரின் சுமை கூடும். சுமை கூடினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் 4 மில்லி செகண்டுக்கு ஒரு முறை வந்த மாற்றம் 5, 6 மில்லி செகண்டுக்கு ஒரு முறை வரும். "ஏதோ தடுக்கிறது" என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து, மோட்டாரின் மின் இணைப்பைத் தலைகீழாக மாற்றும். கண்ணாடி பின்வாங்கும். மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் அமைப்புகளும் உள்ளன.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வேகம் குறைய வேறு காரணங்களும் உண்டு. பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுழலும். பாதையில் தூசி படிந்தால் உராய்வு கூடும். குளிரில் ரப்பர் விறைக்கும். வேகமாக ஓடும் காரில் காற்று கண்ணாடியை அழுத்தும். பள்ளத்தில் கார் குதித்தால் கண்ணாடி ஒரு கணம் அதிரும். இவற்றை எல்லாம் விரல் என்று நினைத்தால் சன்ரூப் ஒரு நாளும் முழுதாக மூடாது. எதையும் விரல் என்று நினைக்காவிட்டால் விரல் போய் விடும்.

எனவே கம்ப்யூட்டர் ஒரு வரைபடத்தை நினைவில் வைத்திருக்கும். பாதையின் ஒவ்வொரு இடத்திலும் சாதாரணமாக எவ்வளவு விசை தேவைப்படும் என்ற வரைபடம். காற்றுத் தடுப்பை மடக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதல், நடுவில் குறைவு, ரப்பர் சீலைத் தொடும் இடத்தில் மறுபடியும் கூடுதல். மூடும்போது அளந்த விசையை இந்த வரைபடத்துடன் ஒப்பிடும். வேறுபாடு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மட்டுமே பின்வாங்கும். கார் பழசாக ஆக உராய்வு கூடும் அல்லவா? அதற்கேற்ப இந்த வரைபடத்தையும் சிறிது சிறிதாகத் திருத்திக் கொள்ளும் சாப்ட்வேர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்த எல்லை எவ்வளவு? அமெரிக்காவின் எப்எம்விஎஸ்எஸ் 118 என்ற விதி இதற்கு ஓர் அளவைச் சொல்கிறது. தானாகப் பின்வாங்கும் அமைப்பு என்றால், 4 மில்லிமீட்டர் முதல் 200 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சோதனைத் தண்டைத் திறப்பில் வைத்து மூடும்போது, அழுத்தும் விசை 100 நியூட்டனைத் தொடுவதற்கு முன்பே கண்ணாடி திரும்பி விட வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 21-லும் இதே 100 நியூட்டன் அளவுதான். 100 நியூட்டன் என்பது ஏறக்குறைய 10 கிலோ எடை.

இதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கச் சோதனையில் 25 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய தண்டுகள், ஒரு மில்லிமீட்டர் அழுத்த 65 நியூட்டனாவது தேவைப்படும் அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் கண்ணாடி வினாடிக்கு 50 மில்லிமீட்டர் நகர்கிறது. தண்டைத் தொட்ட பிறகு ஒன்றரை மில்லிமீட்டர் நகர்வதற்குள் 100 நியூட்டன் எட்டி விடும். அதற்கு 30 மில்லி செகண்ட் ஆகும். அதாவது ஏழெட்டு எண்ணிக்கைகள். அதற்குள் கவனித்து, விரலா பள்ளமா என்று முடிவு செய்து, மோட்டாரைத் திருப்ப வேண்டும். நீங்கள் கண் இமைப்பதற்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

அமெரிக்க விதியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தானாகப் பின்வாங்கும் வசதி எல்லா சன்ரூப்புக்கும் கட்டாயம் அல்ல. சாவி போட்ட நிலையில் ஒருவர் உள்ளே இருந்து ஸ்விட்சை இயக்கினால் அது இல்லாமலும் மூடலாம். ரிமோட்டில் மூடுவதானால், அந்த ரிமோட் 6 மீட்டருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நடுவில் தடுப்பு இருந்தால் வேலை செய்யாத ரிமோட் என்றால் 11 மீட்டர். அதைவிடத் தொலைவிலிருந்து மூட வேண்டுமானால் பின்வாங்கும் வசதி வேண்டும். இதன் பொருள் என்ன? ஒன்று, மனிதர் அருகில் இருந்து பார்த்துக் கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூரைக்கே உணரும் திறன் வேண்டும்.

பட்டன் முதல் குரல் வரை

முன்பெல்லாம் ஸ்விட்சிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக ஒயர் போகும். இப்போது ஸ்விட்ச் வெறும் கோரிக்கைதான் வைக்கிறது. காரின் பல கம்ப்யூட்டர்கள் கேன் என்ற நெட்வொர்க்கில் இணைந்திருக்கும். அதில் கதவு, விளக்கு போன்றவற்றைப் பார்த்துக் கொள்ளும் பாடி கண்ட்ரோல் கம்ப்யூட்டர், லின் என்ற ஒற்றை ஒயர் நெட்வொர்க் வழியாக சன்ரூப் மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும். லின்னின் உச்ச வேகம் வினாடிக்கு 20 கிலோபிட். நம் பழைய டயல் அப் மோடத்தின் 56 கிலோபிட்டை விடக் குறைவு. "திற", "மூடு", "நில்" என்று சொல்ல இது தாராளமாகப் போதும்.

சன்ரூப் நெட்வொர்க்கில் சேர்ந்ததால் புது வசதிகள் வந்தன. மழை சென்சார் நனைந்தால் மூடுவது, ரிமோட் சாவியில் பட்டனை அழுத்திப் பிடித்தால் மூடுவது போன்றவை சில கார்களில் உள்ளன. 2020-ல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவில் குரல் கொடுத்தே சன்ரூப்பைத் திறக்கும் வசதி தரப்பட்டது. ஆனால் வசதி கூடக் கூட, கட்டளை கொடுப்பவருக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள தூரமும் கூடுகிறது. பட்டனை அழுத்துபவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். சாலையைப் பார்த்துக் கொண்டே குரல் கொடுப்பவர் பார்க்க மாட்டார்.

ஷோரூம் பதில் பொய்யாகும் நான்கு நேரங்கள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். "ஆன்டி பிஞ்ச் இருக்கு, ஒன்றும் ஆகாது" என்பது எப்போது சரியில்லை?

1. கடைசி சில மில்லிமீட்டர்: மூடி முடியும் இடத்தில் ரப்பர் சீலை அழுத்தத்தான் வேண்டும். அங்கே விசை கூடுவது இயல்பு. எனவே அந்தக் கடைசி இடைவெளியில் தடையைக் கண்டுபிடிக்கும் வேலை நடப்பதில்லை. விதியிலும் 4 மில்லிமீட்டருக்குக் கீழே சோதனை இல்லை.

2. கணக்கு மறந்த நேரம்: பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ, பியூஸ் போனாலோ, கண்ணாடி நகரும்போது மின்சாரம் நின்றாலோ, சில கார்களில் எண்ணிக்கை அழிந்து விடும். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தெரியாத கம்ப்யூட்டரால் வரைபடத்துடன் ஒப்பிட முடியாது. மறுபடி கற்றுக் கொடுக்கும் வரை ஆன்டி பிஞ்ச் வேலை செய்யாமல் போகலாம். கற்றுக் கொடுக்கும் நேரத்திலும் அது வேலை செய்யாது என்று பல காரின் கையேடுகள் எச்சரிக்கின்றன.

3. ஸ்விட்சை விடாமல் பிடிப்பது: குப்பை மாட்டி சன்ரூப் மூட மறுத்தால் அவசரத்துக்கு மூட ஒரு வழி வேண்டும் அல்லவா? அதற்காகச் சில மாடல்களில், ஸ்விட்சைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் தடையைப் பொருட்படுத்தாமல் மூடும்படி வைத்திருக்கிறார்கள். "ஏன் மூட மாட்டேன் என்கிறது" என்று எரிச்சலில் அழுத்திப் பிடிப்பதற்கு முன் தலையைத் தூக்கிப் பாருங்கள்.

4. ஓடும் கார்: இதுதான் மிக முக்கியமானது. சன்ரூப் கம்ப்யூட்டர் தன் கண்ணாடியின் விசையை மட்டுமே அறியும். கண்ணாடி அசையாமல் முழுதாகத் திறந்திருக்கும்போது, அதன் வழியே ஒரு குழந்தை எழுந்து நிற்பது அதற்குத் தெரியாது. டிரைவர் திடீரென பிரேக் போட்டால் குழந்தையின் மார்பு விளிம்பில் மோதும். அதை எந்த ஹால் சென்சாரும் தடுக்காது. 2025 செப்டம்பரில் பெங்களூருவில் சன்ரூப் வழியே வெளியே நின்ற ஒரு சிறுவனின் தலை, சாலையின் குறுக்கே இருந்த உயரத் தடுப்பில் மோதிய வீடியோ நாடு முழுவதும் பரவியது. டிரைவருக்கு உள்ளிருந்து அந்தத் தடுப்பு தன் காரைத் தாண்டிய உயரத்தில்தான் தெரிந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். நின்று கொண்டிருக்கும் குழந்தைக்கு எந்தப் பெல்ட்டும் போட முடியாது.

மறுபடி கற்றுக் கொடுப்பது எப்படி?

பேட்டரி மாற்றிய பிறகு ஒரு தொடுதலில் மூடுவது நின்று போனால், அல்லது பாதி தூரம் போய்த் திரும்பினால், கணக்கு மறந்து விட்டது என்று சந்தேகப்படலாம். பெரும்பாலான கார்களில் வழிமுறை இப்படி இருக்கும்.

1. காரை நிறுத்தி, இன்ஜினை ஓட விடவும். பேட்டரி வோல்டேஜ் சீராக இருக்கும்.

2. குழந்தைகளைக் கீழே இறக்கி விடவும். திறப்பில் யார் கையும் இல்லை என்று உறுதி செய்யவும்.

3. சன்ரூப்பை முழுவதும் மூடவும். ஸ்விட்சை விட்டு விடவும்.

4. மூடும் திசையில் ஸ்விட்சை மறுபடி அழுத்தி, கண்ணாடி லேசாக அசைந்து நிற்கும் வரை பிடித்திருக்கவும். பத்து வினாடிக்கு மேலும் ஆகலாம்.

5. ஸ்விட்சை விட்டு, சில வினாடிகளுக்குள் மீண்டும் அழுத்திப் பிடிக்கவும். கண்ணாடி முழுதாகத் திறந்து, முழுதாக மூடும். நின்ற பிறகே விரலை எடுக்கவும். நடுவில் எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணாடி கடைசி வரை போய் முட்டி நிற்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்து, கம்ப்யூட்டர் புதிதாக எண்ணத் தொடங்கும். விசை வரைபடத்தையும் புதிதாக வரைந்து கொள்ளும். உங்கள் மாடலுக்கான சரியான நேர அளவை, காருடன் வந்த கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள்.

தண்ணீர் எங்கே போகிறது?

சன்ரூப்பின் ரப்பர் சீல் தண்ணீரை முழுவதும் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்கிறார்கள். திறப்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் காரின் தூண்களுக்குள் இறங்கி, வண்டிக்கு அடியில் தண்ணீரை விடும்.

மரத்தடியில் நிறுத்தும் காரில் வேப்பிலைச் சருகும் பூவும் தூசியும் சேர்ந்து இந்தக் குழாயை அடைக்கும். மழைக் காலத்தில் வாய்க்கால் நிரம்பி, கூரைத் துணி நனையும். தூண் வழியாகக் கால் வைக்கும் இடம் வரை தண்ணீர் இறங்கும். அங்கே இருக்கும் ஒயர் இணைப்புகளும் கண்ட்ரோல் யூனிட்டுகளும் நனைந்தால், சன்ரூப்புக்கே சம்பந்தமில்லாத கோளாறுகள் தலைகாட்டும்.

மழைக் காலத்துக்கு முன் சன்ரூப்பைத் திறந்து வாய்க்காலை ஈரத்துணியால் துடையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் வடிந்தால் சரி. வடியாவிட்டால் மெல்லிய நைலான் நரம்பை நுழைத்துப் பாருங்கள். கம்பியால் குத்த வேண்டாம், குழாய் கிழியும். பலமான காற்றையும் பாய்ச்ச வேண்டாம், உள்ளே குழாயின் இணைப்பு கழன்று விடலாம்.

சில பிரச்னைகளும் தீர்வும்

அசைவே இல்லை: முதலில் பியூஸைப் பாருங்கள். மழை வரும் நேரத்தில் திறந்த நிலையில் நின்று விட்டால் கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் விளக்குப் பலகையைக் கழற்றி, ஆலன் கீயால் மோட்டாரைக் கையால் சுழற்றி மூடலாம். எல்லாக் கார்களிலும் இந்த வசதி இல்லை.

மூடப் போய்த் திரும்புகிறது: பாதையில் சருகு, மணல் இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகும் திரும்பினால் மறுபடி கற்றுக் கொடுங்கள்.

மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது: கேபிளின் சுருளோ பல்சக்கரத்தின் பல்லோ தேய்ந்திருக்கலாம். மேலும் இயக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள்.

கண்ணாடி கோணலாக நகர்கிறது: ஒரு பக்கக் கேபிள் நழுவியிருக்கலாம். இதுவும் வீட்டில் சரி செய்யக் கூடியது அல்ல.

சன்ரூப் இல்லாத காரில் கூரையை வெட்டிப் பொருத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூரை என்பது கார் உருளும்போது உங்களைக் காக்கும் கட்டமைப்பின் ஒரு பகுதி. அதை வெட்டுவது ஆபத்து. வண்டியின் மூல வடிவமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடை செய்கிறது.

ஆன்டி பிஞ்ச் வேலை செய்கிறதா என்று விரலை வைத்துச் சோதிக்காதீர்கள். அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்விட்ச் லாக் வசதி உங்கள் காரில் இருந்தால், குழந்தைகள் இருக்கும்போது அதைப் போட்டு வையுங்கள். காரை விட்டு இறங்கும்போது சாவியை உள்ளே வைத்து விட்டு வராதீர்கள்.

கூரையில் இருக்கும் கம்ப்யூட்டர் 0.2 மில்லிமீட்டரை அளக்கும். 30 மில்லி செகண்டில் முடிவெடுக்கும். ஆனால் திறப்பில் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. மூடும் முன் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள்.